சோலார் ட்ரோன்: வெயில் இருக்கு, வாட் எங்கே போகுது?

போனை சார்ஜ் போட்டுட்டு, பத்து நிமிஷம் கழிச்சு அடாப்டரைத் தொட்டுப் பாருங்க. சூடா இருக்கும். நீங்கள் காசு கொடுத்தும் போனுக்குள் போகாத மின்சாரம்தான் அந்தச் சூடு. வீட்டில் இது சில பைசா விஷயம். 60,000 அடி உயரத்தில் பறக்கும் சோலார் விமானத்துக்கு இது உயிர்ப் பிரச்சினை.

ஏர்பஸ்ஸின் ‘ஜெஃபைர்’ ஆளில்லா விமானம் 2022-ல் 64 நாட்கள் தரையிறங்காமல் பறந்தது. 25 மீட்டர் இறக்கை, எடை சுமார் 75 கிலோதான். பகலில் சோலார் செல்கள் மோட்டாரையும் ஓட்டணும், பேட்டரியையும் நிரப்பணும். இரவு முழுக்க பேட்டரிதான் கதி. விடியும் முன் அது தீர்ந்தால் கதை முடிஞ்சுது.

நடுவில் நடக்கும் கசிவு

செல்லில் இருந்து புரொப்பல்லர் வரை மின்சாரம் மூன்று படிகளைக் கடக்குதுன்னு வெச்சுக்குவோம். படிக்கு 95% தேறினால், 100 வாட்டில் கடைசியில் மிஞ்சுவது 86. படிக்கு 98% தேறினால் 94. அந்த எட்டு வாட்டை ஈடுகட்ட கூடுதல் செல், கூடுதல் பேட்டரி வேணும். அந்த எடையைத் தூக்க இன்னும் மின்சாரம் வேணும்.

முதல் படியில் இருப்பது ‘எம்.பி.பி.டி.’ கன்வெர்ட்டர். மேட்டில் பைக் ஏறும்போது கியர் மாத்துறோமே, அதே மாதிரி வேலை. வெயிலின் கோணமும் குளிரும் மாற மாற, எந்த வோல்டேஜில் அதிக வாட் கிடைக்கும்னு தேடிப் பிடிக்கும்.

வெளியே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே குளிர். அப்போ சூடு ஒரு பிரச்சினையான்னு தோணும். ஆனால் அங்கே காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். சூட்டை வாங்கிட்டுப் போகக் காற்று போதாது. பெரிய ஹீட்சிங்க் வைத்தால் எடை கூடும்.

இதற்குக் கைகொடுப்பது, சின்ன சைஸ் ஃபாஸ்ட் சார்ஜர்களில் வரும் காலியம் நைட்ரைடு. வேகமாக ஸ்விட்ச் ஆகும். அதனால் காயிலின் அளவும் எடையும் குறையும். அந்த வேகத்திலும் இழப்பு கட்டுக்குள் இருக்கும்.

பெங்களூரு என்.ஏ.எல். ஆய்வகமும் 2024-ல் இதே வகை விமானத்தின் சிறிய மாதிரியைப் பறக்கவிட்டது. இனி இப்படி ஒரு செய்தி வந்தால், இறக்கை நீளத்தோடு நிற்காமல், ‘செல்லில் பிறந்த 100 வாட்டில் எத்தனை புரொப்பல்லரைச் சேர்ந்தது?’ என்றும் கேட்போம். செல்லையும் பேட்டரியையும் கடையில் வாங்கலாம். குறிப்பிட்ட ஒரு இறக்கைக்குப் பொருந்தும் கன்வெர்ட்டரை நாமேதான் வடிவமைக்கணும். ஆய்வுப் பணத்தில் அதற்கும் உரிய பங்கு வேணும்.