ஒரே இயக்கம், இந்தியாவில் தடை, சுவிஸில் இல்லை... 'பயங்கரவாதம்' நாட்டுக்கு நாடு மாறுவது ஏன்? வேலூர் சொல்லும் கதை

ஆம்பூரில் தைத்து வெளிநாட்டுக்குப் போகும் ஷூ பெட்டியைப் பார்த்திருக்கீங்களா? உள்ளே இருப்பது ஒரே ஜோடிதான். ஆனா பிரிட்டன் அளவு 8, ஐரோப்பிய அளவு 42, அமெரிக்க அளவு 9 என்று மூன்று எண்கள் இருக்கும். கால் மாறவில்லை, அளக்கும் கோல்தான் மாறுது.

'பயங்கரவாதம்' என்ற சொல்லும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம். ஷூவுக்கு ஒரு அளவை இன்னொரு அளவாக மாற்றிப் பார்க்க அட்டவணை இருக்கு. இந்தச் சொல்லுக்கு அப்படி எதுவும் இல்லை.

மே மாதம் வந்தாலே இந்தக் குழப்பம் நம்ம டைம்லைனில் தெரியும். மே 14, 1992-ல் இந்தியா விடுதலைப் புலிகளைத் தடை செய்தது. மே 18, முள்ளிவாய்க்கால் நினைவு நாள். அதற்கு மறுநாளை இலங்கை அரசு போர் வெற்றி நாளாக அனுசரித்து வந்திருக்கிறது. மே 21, ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட நாள். இந்தியாவில் பயங்கரவாத எதிர்ப்பு நாள். ஒரே வாரத்தில் அஞ்சலி, கொண்டாட்டம், உறுதிமொழி மூன்றும் நடக்குது.

ஏன் இப்படி? பார்க்கலாம்.

உலகத்துக்குப் பொதுவான விளக்கம் இருக்கா?

இல்லை. சர்வதேச பயங்கரவாதம் குறித்து ஒரு முழுமையான உடன்படிக்கை வேண்டும் என்று 1996-லேயே ஐ.நா.வில் இந்தியா முன்மொழிந்தது. இன்றுவரை அது நிறைவேறவில்லை. எது பயங்கரவாதம், எது விடுதலைப் போராட்டம், அரசின் ராணுவம் செய்வதும் இதில் வருமா என்ற கேள்விகளில் நாடுகள் ஒத்துப்போகவில்லை.

ஐ.நா. பாதுகாப்பு சபைக்கு ஒரு தடைப் பட்டியல் இருக்கு. ஆனா அது அல்கொய்தா, ஐ.எஸ். மற்றும் அவற்றோடு தொடர்புடையவர்களுக்கானது. புலிகள் அதில் இல்லை. அதனால் ஒவ்வொரு நாடும் தானே ஒரு பட்டியல் போடுகிறது.

எந்த நாடு என்ன செய்தது?

• இந்தியா: 1992 முதல் தடை. தொடர்ந்து நீட்டிக்கப்பட்டு, 2024 மே மாதம் மேலும் 5 ஆண்டுகளுக்கு நீட்டிப்பு.

• அமெரிக்கா: 1997-ல் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகளின் முதல் பட்டியலிலேயே சேர்த்தது.

• பிரிட்டன்: 2001-ல் தடை. தடையைத் தொடர எடுத்த முடிவில் குறை இருப்பதாக 2020 அக்டோபரில் மேல்முறையீட்டு ஆணையம் சொன்னது. அரசு மறுபடி ஆராய்ந்து தடையைத் தொடர்ந்தது.

• கனடா: 2006-ல் தடை. அதே கனடாவின் நாடாளுமன்றம் 2022-ல், மே 18-ஐத் தமிழின அழிப்பு நினைவு நாளாக ஏற்றது. இயக்கத்துக்குத் தடை, மக்களின் இழப்புக்கு அங்கீகாரம் என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறது.

• நார்வே: அமைதிப் பேச்சின் நடுவர். ஐரோப்பிய ஒன்றியப் பட்டியலைப் பின்பற்றுவதை 2006 ஜனவரியில் நிறுத்திக்கொண்டது. தடை செய்தால் நடுவராக இருக்க முடியாது என்பதே காரணம்.

• சுவிட்சர்லாந்து: தடை இல்லை. புலிகளுக்கு நிதி திரட்டிய வழக்கில், அவர்களைக் 'குற்ற அமைப்பு' என்ற சட்டப்பிரிவுக்குள் கொண்டுவர 2018-ல் நீதிமன்றம் மறுத்தது.

• இலங்கை: இதுதான் இருப்பதிலேயே விசித்திரம். 1998-ல் கண்டி தலதா மாளிகை தாக்குதலுக்குப் பிறகு தடை. 2002-ல் பேச்சுவார்த்தைக்காகத் தடை நீக்கம். 2009 ஜனவரியில் மறுபடி தடை. இயக்கம் அதேதான். மாறியது அரசின் தேவை.

அப்போ இது வெறும் அரசியல்தானா?

அப்படி ஒரே வரியில் முடிக்க முடியாது. தடை போட்ட நாடுகளுக்குச் சொல்லக் காரணம் இருந்தது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடி பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வடக்கு மாகாண முஸ்லிம்கள் வீட்டை விட்டு விரட்டப்பட்டார்கள். 1989-ல் அமிர்தலிங்கம், 1991-ல் ராஜீவ், 1996-ல் கொழும்பு மத்திய வங்கி என்று பட்டியல் நீளம். இவர்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொன்னா அது பாதிக் கதை.

மறுபக்கம், 'பயங்கரவாதத்துக்கு எதிரான போர்' என்று அரசு பெயர் வைத்துவிட்டால், அதில் சாகும் பொதுமக்களைப் பற்றிக் கேட்பது கஷ்டமாகிவிடும். 2009-ல் வன்னியில் நடந்தது அதுதான். இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-ல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது. 1982-ல் நிரந்தரமானது.

ஆக, ஒரு நாடு எப்படிப் பார்க்கும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்குது. அடி அந்த நாட்டுக்கு விழுந்ததா? அந்த இயக்கத்தோடு பேச வேண்டிய தேவை இருக்கா? அரசின் முடிவை அந்த நாட்டு நீதிமன்றம் எவ்வளவு தூரம் கேள்வி கேட்கும்?

இதில் வேலூர் எங்கே வருது?

விரிஞ்சிபுரத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் வேலூர் கோட்டை. 1806 ஜூலை 10 விடியற்காலையில் இங்கே சிப்பாய்கள் எழுந்தார்கள். ஆங்கிலேயர் ஆவணங்களில் அது 'கலகம்'. நம்ம பாடப்புத்தகத்தில் 'வேலூர்ப் புரட்சி'. 200 ஆண்டு கழித்து இந்திய அரசு அதற்கு அஞ்சல்தலையே வெளியிட்டது.

அதே கோட்டைக்குள் இருக்கும் திப்பு மகாலில்தான் 1990-களில் புலிகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். 1995 ஆகஸ்டில் சுரங்கம் தோண்டி 43 பேர் தப்பித்தது அப்போது நாடு முழுக்கச் செய்தி.

கோட்டையிலிருந்து கொஞ்சம் தள்ளி தொரப்பாடியில் மத்திய சிறை. 'பயங்கரவாதம்' என்ற சொல்லை இந்தியச் சட்டம் எப்படி அளக்கிறது என்பதற்கான இரண்டு பெரிய வழக்குகளின் ஆட்கள் இருந்தது இங்கேதான்.

முதல் வழக்கு: வைகோ

2002 ஜூனில் திருமங்கலத்தில் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக வைகோ பொடா சட்டத்தில் கைதானார். வேலூர் சிறையில் சுமார் 19 மாதம். 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு விளக்கம் தந்தது: பயங்கரவாதச் செயலுக்கு உதவும் நோக்கம் இல்லாமல், வெறும் தார்மீக ஆதரவு தெரிவிப்பது மட்டும் பொடாவில் குற்றம் ஆகாது. 2004-ல் பொடா சட்டமே ரத்தானது.

இரண்டாவது வழக்கு: ராஜீவ் கொலை

1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. பலருக்கும் தெரியாத விஷயம் இனிமேல்தான். ராஜீவைக் கொல்வதுதான் சதியின் நோக்கம்; அரசை மிரட்டுவதோ மக்களிடம் பீதி கிளப்புவதோ நிரூபிக்கப்படவில்லை; அதனால் இது தடா சட்டப்படி பயங்கரவாதச் செயல் ஆகாது என்றது நீதிமன்றம். ஒரு முன்னாள் பிரதமரின் கொலையே சட்டப்படி 'பயங்கரவாதம்' ஆகலை!

ஆனா ஒரு முடிச்சு இருக்கு. சாதாரண வழக்கில் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. தடாவில் ஆகும. தடா குற்றம் நிற்கவில்லை என்ற பிறகும், அந்தச் சட்டத்தின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் செல்லும் என்று ஏற்றுத்தான் 7 பேரின் தண்டனை உறுதியானது. அதில் 4 பேருக்கு மரண தண்டனை.

அந்த 4 பேரில் ஒருவரான பேரறிவாளனின் ஊர் ஜோலார்பேட்டை, இதே தோல் பட்டறை வட்டாரம். பேட்டரி வாங்கிக் கொடுத்தது எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டேன் என்று, அதைப் பதிவு செய்த முன்னாள் சிபிஐ அதிகாரியே 2013-ல் சொன்னார். அவரது தாய் அற்புதம்மாள் ஜோலார்பேட்டைக்கும் வேலூருக்கும் அலைந்த ஆண்டுகளை இந்தப் பக்கத்து மக்கள் நேரிலேயே பார்த்தவர்கள். 2014-ல் தூக்கு, ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18-ல் விடுதலை. மற்ற 6 பேருக்கு அதே ஆண்டு நவம்பரில்.

விடுதலையான பிறகும் எல்லோருக்கும் ஒரே வாழ்க்கை கிடைக்கலை. இந்தியர்கள் வீட்டுக்குப் போனார்கள். இலங்கைக் குடிமக்கள் 4 பேர் திருச்சி சிறப்பு முகாமுக்குப் போனார்கள். சாந்தன், ஊருக்குப் போகக் காத்திருந்த நிலையில் 2024 பிப்ரவரியில் சென்னை மருத்துவமனையில் இறந்தார். மற்ற மூவர் அந்த ஏப்ரலில் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர்.

தடை இருந்தா சாதாரண ஆளுக்கு என்ன?

இங்கேதான் அளவுகோல் கழுத்தைப் பிடிக்கும். ஒருவர் சூரிச்சில் செய்தால் வழக்காகாத ஒரு காரியம், லண்டனிலோ சென்னையிலோ சிறைக்கு அனுப்பலாம். தடை செய்யப்பட்ட அமைப்பில் வெறும் உறுப்பினராக இருப்பதே குற்றம்தான் என்று 2023 மார்ச்சில் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வன்முறை செய்யாத உறுப்பினரைத் தண்டிக்க முடியாது என்ற 2011 தீர்ப்பு இதில் அடிபட்டுப் போனது.

அகதிகளுக்கு இன்னும் நெருக்கடி. புலிகளோடு தொடர்பு என்ற வழக்கில் தண்டனை முடித்த ஓர் இலங்கைத் தமிழர், இங்கேயே இருக்க விடுங்கள் என்று கேட்டபோது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. உலகம் முழுக்கவிருந்து வருபவர்களுக்கு இடம் தர இது சத்திரமா என்று நீதிபதிகள் கேட்டார்கள்.

வேலூரை ஒட்டிய மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கு. தமிழக அரசு அங்கே புது வீடுகள் கட்டி 2023-ல் திறந்தது. வீடு கிடைத்தது. குடியுரிமை? 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை.

அடுத்த முறை தலைப்பைப் பார்க்கும்போது...

'புலிகள் மீதான தடை நீங்கியது' என்று 2017 ஜூலையில் பல செய்திகள் வந்தன. உண்மையில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது வேற. பழைய பட்டியல் முடிவுகளுக்குச் சரியான ஆதாரம் காட்டப்படவில்லை, வெளிநாட்டு அரசின் முடிவை எடுத்துக்கொள்ளும் முன் அங்கே எதிர்வாதத்துக்கு வாய்ப்பு இருந்ததா என்று பார்க்கணும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். புலிகள் பெயர் பட்டியலில் தொடர்ந்தது.

அதனால் 'பயங்கரவாதி' என்று எந்தச் செய்தியில் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்க. சொல்வது எந்த நாடு? எந்தச் சட்டப்படி? நீதிமன்றம் அதைச் சோதித்ததா? தமிழ்ச் செய்திகளில் நாங்களே தீவிரவாதி, பயங்கரவாதி, போராளி என்று மாற்றி மாற்றி எழுதுகிறோம். எழுதும் நேரத்துக்கு அது ஒரு சொல். அந்தச் சொல் யார் மேல் விழுதோ, அவருக்கு அது 31 வருஷமாகவும் இருக்கலாம்.