கடைக் காப்பியா? வீட்டுக் காப்பியா?

“எஸ்பிரஸோ” என்றதும் நம் பெற்றோருக்கு நினைவு வருவது கல்யாண வரவேற்பு. பந்தலின் ஓரத்தில் பளபளக்கும் இயந்திரம் ஒன்று ‘உஸ்’ஸென்று நீராவி விடும். நுரை ததும்பும் காப்பியின் மேல் ஒரு சிட்டிகைத் தூளைத் தூவித் தருவார்கள். அதே சொல்லைக் கேட்டதும் நமக்கு நினைவு வருவதோ குளிரூட்டிய கண்ணாடிக் கடை. “வீட்டில் இல்லாத காப்பியா கடையில் இருக்கிறது?” என்று பெரியோர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும், விடை கூறுமுன் சற்று எண்ணிப் பார்ப்போமா?

எஸ்பிரஸோ பிறந்த நாடு இத்தாலி. நீராவியின் துணையால் காப்பி தயாரிக்கும் இயந்திரத்துக்கு 1884-இல் தூரின் நகரத்து ஆஞ்சலோ மொரியோண்டோ காப்புரிமை பெற்றார். 1901-இல் மிலான் நகரத்து லூயிஜி பெட்ஸேரா அதனைச் செம்மைப்படுத்தினார். 1940களில் அக்கில்லே காஜ்ஜா நெம்புகோலைப் பயன்படுத்தி அழுத்தத்தைக் கூட்டினார். மிக நுண்மையாக அரைத்த தூளினூடே, வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 9 மடங்கு அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தினால், 25 அல்லது 30 விநாடிகளில் சுமார் 30 மில்லி காப்பி இறங்கும். அதுவே எஸ்பிரஸோ. கல்யாண வீட்டு இயந்திரம் பெரும்பாலும் பாலையும் காப்பித் தூளையும் நீராவியால் நுரைக்கச் செய்வதே. ஆகவே அது பெயரளவில்தான் எஸ்பிரஸோ!

இதனை வீட்டில் செய்ய இயலாதா? இயலும். ஆனால் அதற்குரிய இயந்திரத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். 1933-இல் இத்தாலியில் பியாலெட்டி என்பவர் அடுப்பில் வைக்கும் மோக்கா பாத்திரத்தை அறிமுகம் செய்தார். அதில் கிடைப்பது திடமான காப்பி. எனினும் அழுத்தம் குறைவாதலால் அது முழு எஸ்பிரஸோ ஆகாது. நம் பித்தளைப் பில்டருக்கோ இயந்திர அழுத்தமே தேவையில்லை. கொதிநீர் தானாகவே சொட்டுச் சொட்டாக இறங்கி டிகாக்‌ஷன் ஆகிவிடுகிறது. ஏற்காட்டு மலையில் விளைந்த கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடை எங்கள் சேலத்துக் கடைத்தெருவிலேயே இருக்கிறது. 10 கிராம் தூளும் 100 மில்லி பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு டம்ளர் காப்பிக்கு 20 ரூபாய்கூட ஆவதில்லை. கண்ணாடிக் கடையில் நாங்கள் குடித்த ஒரு கோப்பையின் விலை 200 ரூபாய்க்கு மேல்.

இத்துடன் வழக்கு முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். அந்தக் கடைக்கு நாங்கள் ஏன் சென்றோம் என்பதையும் உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறோம்.

இத்தாலியில் பல கடைகளில் நின்றுகொண்டே காப்பி குடித்தால் ஒரு விலை. மேசையில் அமர்ந்து குடித்தால் அதைவிடக் கூடுதல் விலை. அங்கே நாற்காலிக்குத் தனி விலை உண்டு. நம் ஊரிலும் அப்படித்தான், வெளிப்படையாகச் சொல்வதில்லை, அவ்வளவே. தெருமுனைத் தேநீர்க் கடையின் பெஞ்சில் ஆண்கள் மணிக்கணக்காக அமர்ந்து செய்தித்தாள் படிக்கின்றனர். உலக விவகாரம் பேசுகின்றனர். அந்தப் பெஞ்சில் நாங்கள் நால்வர் அமர்ந்து பேசினால் ஊர் என்ன சொல்லும்? பள்ளி விட்டதும் வீடு, வீடு விட்டால் தனிப்பயிற்சி வகுப்பு. தோழியருடன் ஒரு மணி நேரம் அமர்ந்து பேச நமக்கு ஏது இடம்? அந்த இடத்தைத்தான் கடை விற்கிறது. நாங்களும் அதைத்தான் வாங்கினோம். காப்பி அதனுடன் வந்தது.

ஆனால் அந்த நாற்காலியிலும் ஒரு முள் இருந்தது. அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்று நாங்கள் அறுவர் சென்றோம். ஐவர் கப்புச்சினோ வாங்கினோம். பழுப்பு அங்கி அணியும் கப்புச்சின் சபைத் துறவியரின் பெயரே அந்தப் பானத்துக்கு வந்ததாம். வறுமையை விரும்பி ஏற்ற துறவியரின் பெயர் கொண்ட ஒன்றை இவ்வளவு விலை கொடுத்துக் குடிக்கிறோமே என்று சிரித்துக்கொண்டோம். ஆறாவது தோழி மட்டும், “எனக்குக் காப்பி பிடிக்காதுடி” என்று கூறித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நாங்களும் நம்பிவிட்டோம். ஐந்து கோப்பைக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பில் வந்தது. அவள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் எங்களில் ஒருத்தியின் வீட்டில் கூடினோம். அவளுடைய தாயார் பில்டர் காப்பி கலந்து கொடுத்தார். “பிடிக்காது” என்ற அதே தோழி இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தாள். அவளுக்குக் காப்பி எவ்வளவு பிடிக்கும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வேறொன்றும் அன்று கண்ணில் பட்டது. நாங்கள் கூடத்தில் சிரித்துப் பேசிய நேரமெல்லாம் அந்த அம்மா அடுப்படியில் நின்றார். பால் காய்ச்சினார், ஆற்றினார், கொடுத்தார், டம்ளர்களைக் கழுவினார். அவருடைய காப்பி மேடையில் ஏடு படிந்து ஆறிக் கிடந்தது. கடையில் பில் வருகிறது, வீட்டில் வருவதில்லை. அதனால் வீட்டுக் காப்பி மலிவு என்கிறோம். விடியற்காலையில் எழுந்து டிகாக்‌ஷன் போடும் தாயின் உழைப்பை எந்தக் கணக்கில் சேர்த்தோம்?

ஆகவே மறுமுறை நாங்களே அடுப்படிக்குச் சென்றோம். முதல் முயற்சி தோல்வி. தூளைக் குடை போன்ற தட்டால் மிகவும் அழுத்திவிட்டோம். அரை மணி நேரமாகியும் நீர் இறங்கவில்லை! மெல்ல அமுக்கினால் போதும் என்று அந்த அம்மா நாற்காலியில் அமர்ந்தபடியே சொல்லிக் கொடுத்தார். தோழியின் தம்பி பால் வாங்கி வந்தான். முணுமுணுத்துக்கொண்டே டம்ளர்களையும் கழுவினான். அன்று முதல் டம்ளரை அந்த அம்மாவுக்குச் சூடாகக் கொடுத்தோம்.

எங்கள் கருத்து இதுதான். கடைக்குச் செல்வது குற்றமன்று. ஆனால் செல்லுமுன், உடன் வரும் ஒவ்வொருத்தியாலும் அந்தச் செலவைத் தாங்க இயலுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டுக் காப்பியே சிறந்தது என்று பேசினால், அதைக் கலக்கவும் கழுவவும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். நம் சகோதரர்களும் கற்றுக்கொள்ள வேண்டும்.

பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். “கடையில் என்ன இருக்கிறது?” என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் மாலை, எங்கள் தோழியர் வீட்டுக்கு வர அனுமதியுங்கள். கூடத்தில் நான்கு நாற்காலி போதும். பாய் விரித்தாலும் போதும். காப்பியை நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

தோழியரே! பொதுத்தேர்வு முடிந்ததும் நாம் ஆளுக்கொரு திசையில் பிரிந்துவிடுவோம். அதற்குள் பில்டரில் காப்பி இறங்கும் நேரமளவாவது கூடி அமர்ந்து பேசுவோம். எவளும் தண்ணீரோடு நின்றுவிடாதபடி பார்த்துக்கொள்வோமாக!