தெற்கே போகும் தூண்டில்கள்

ஜனவரி மாதம் மினசோட்டாவில் ஏரியின் மேல் காரே ஓட்டுவார்கள். பனி அவ்வளவு கனமாக உறைந்திருக்கும். மீன்பிடிப் பைத்தியம் முற்றியவர்கள் அந்தப் பனியில் துளை போட்டு, மேலே ஒரு கூடாரமும் அடித்து, குட்டித் தூண்டிலைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருப்பார்கள். அதுவும் அலுத்துப்போன ஒரு கூட்டம் படகை வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு தெற்கே கிளம்பிவிடும். மினியாபோலிஸிலிருந்து ஃப்ளோரிடாவின் ஓக்கிசோபி ஏரிக்குச் சுமார் 2,700 கிலோமீட்டர். ஒரு வார லீவு, பெட்ரோல், ஓட்டல் அறை எல்லாம் ஒரே ஒரு மீனுக்காக. அதன் பெயர் லார்ஜ்மவுத் பாஸ்.

நம்மூர் விராலுக்கும் இதற்கும் ரத்த உறவு கிடையாது. குணம்தான் ஒட்டுகிறது. செடிகொடிக்குள் பதுங்கியிருந்து சட்டென்று பாயும். அப்பா மீன் குஞ்சுகளுக்குக் காவல் இருக்கும். 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி பிடித்த பாஸ் 10 கிலோவைத் தாண்டியது. பொருளாதார மந்தக் காலம் அது. பாடம் செய்து சுவரில் மாட்டவா முடியும்? வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா அந்தச் சாதனையைச் சமன் செய்தார்.

வடக்கிலிருந்து வருகிறவர் முதலில் ஏமாறுவது காலண்டரிடம். குளிர்காலத்தில் பாஸ் ஆழத்துக்குப் போய் மந்தமாகக் கிடக்கும் என்பது அவர் ஊர்ப் பாடம். அங்கே அது சரிதான். தெற்கு ஃப்ளோரிடாவிலோ தண்ணீர் 15 முதல் 18 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே மீன் முட்டையிடக் கரைப்பக்கம் வந்துவிடும். டிசம்பரிலேயே தொடங்கினாலும் பிப்ரவரி, மார்ச்தான் உச்சம். அதாவது மனிதருக்குக் குளிர்காலமாக இருக்கும்போது மீனுக்கு வசந்தம் வந்திருக்கும். ஆழமான இடத்தைத் தேடி ஒரு நாள் முழுக்கப் படகு ஓட்டினாலும் கிடைக்காது. ஓக்கிசோபியின் சராசரி ஆழம் 3 மீட்டருக்கும் குறைவு.

ஆழம்தான் குறைவு, அகலம் அப்படியல்ல. ஏரியின் பரப்பு சுமார் 1,900 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைப் போல் நான்கு மடங்குக்கு மேல். 1928-ல் வீசிய புயலில் ஏரி பொங்கிக் குறைந்தது 2,500 பேரைக் கொன்றது. அதன் பிறகு சுற்றிலும் எழுப்பிய கரை சுமார் 230 கிலோமீட்டர் நீளம். புதிதாக வருபவர் ரோட்டில் மணிக்கணக்காக ஏரியை ஒட்டியே ஓட்டிக்கொண்டிருப்பார், ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ணில் படாது! கரையேறிப் பார்த்தால் எதிர்க்கரை தெரியாது. இதில் எங்கே தூண்டில் போடுவது?

முழு ஏரியையும் மறந்துவிட வேண்டியதுதான். தெற்கில் க்ளூவிஸ்டன் போல ஒரு ஊரைப் பிடித்து, அதை ஒட்டிய கோரைப்புல் திட்டுகளிலேயே வாரத்தைக் கழிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். முதல் நாள் மட்டும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம். சில நூறு டாலர் போகும். தனியாகத் தேடினால் அதைவிட அதிகமான நாட்கள் போகும். அவர் காட்டும் இடங்களைக் கேட்காமல் ஜி.பி.எஸ்.ஸில் குறித்துக்கொள்வது மட்டும் கூடாது. அது அவருடைய பிழைப்பு.

லைசென்ஸ் விஷயத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. கடலில் வாடகைப் படகில் போனால் படகுக்காரரின் உரிமமே போதும். ஏரியில் அப்படியில்லை. வழிகாட்டி கூடவே இருந்தாலும் 16 வயதானவர்கள் தனித்தனியே எடுக்க வேண்டும். வெளிமாநிலத்தவருக்கு மூன்று நாளுக்கு 17 டாலர், ஏழு நாளுக்கு 30 டாலர். ஒரு நாளைக்கு ஐந்து பாஸ் வைத்துக்கொள்ளலாம். அதில் ஒன்றுதான் 16 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கலாம்.

ஏழு நாள் லைசென்ஸ்தான் எடுக்க வேண்டும். ஏனென்றால் நடுவில் வாடை வந்தே தீரும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர்க்காற்று அலை அலையாக இறங்கும். அது வருவதற்கு முந்தின நாள் மேகம் கவிந்து, தெற்குக் காற்று அடிக்கும்போது மீன் வெறிபிடித்தது போல் கடிக்கும். மறுநாள் வானம் கண்ணாடி மாதிரி நீலமாக இருக்கும். படம் எடுத்து ஊருக்கு அனுப்ப ஏற்ற நாள், மீன் மட்டும் மாட்டாது. ஏரி ஆழமில்லாததால் தண்ணீர் சீக்கிரமே குளிர்ந்துவிடும். மினசோட்டா பாஸுக்கு இந்தக் குளிர் ஒரு பொருட்டே அல்ல. வெயிலிலேயே வளர்ந்த ஃப்ளோரிடா பாஸோ வாயைக் கட்டிக்கொண்டு அடர்ந்த பாசிக்குள் போய் ஒடுங்கிவிடும். கடுங்குளிரில் மரத்திலிருக்கும் இகுவானாக்களே விறைத்துப்போய்ப் பொத்பொத்தென்று விழும் ஊர் அது. மூன்று நாளுக்கு மட்டும் திட்டமிட்டு வந்தவர் அந்த மூன்று நாளிலேயே சிக்கினால், வெறுங்கையோடு 2,700 கிலோமீட்டர் திரும்ப வேண்டியதுதான்.

அந்த நாட்களில் பிடிவாதக்காரர்கள் 30 கிராம், 40 கிராம் குண்டு கட்டி, பாசிக்கூரையைத் துளைத்து ரப்பர் இரையை நேராக உள்ளே இறக்குவார்கள். தடித்த பின்னல் நரம்பு இல்லாவிட்டால் மாட்டின மீனை வெளியே இழுக்க முடியாது. இன்னொரு வழி, ஷைனர் என்ற உயிர் மீனைத் தக்கை கட்டி பாசி ஓரமாக விடுவது. அந்தப் பாசிகளில் ஹைட்ரில்லாவுக்கு ஒரு கதை உண்டு. 1950-களில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து ஃப்ளோரிடாவுக்குப் போனது அது. கால்வாயில் தப்பிப் பெருகி, அரசாங்கத்துக்குத் தலைவலியாகவும் பாஸுக்குக் குடையாகவும் ஆகிவிட்டது.

குடும்பத்தோடு போயிருப்பவர் வாடை நாளில் ஏரியை விட்டுவிடுவதே நல்லது. காற்றடித்தால் இந்த ஆழமில்லாத ஏரியில் அலை கிட்டக் கிட்ட, செங்குத்தாக எழும். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ஓடும் சிறு படகில் லைஃப் ஜாக்கெட் சட்டப்படியே கட்டாயம். அதற்குப் பதில் கிழக்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் வெஸ்ட் பாம் பீச் அருகே மனட்டீ லகூன் இருக்கிறது. மின்நிலையத்திலிருந்து வெளியேறும் வெதுவெதுப்பான நீரைத் தேடி மனட்டீக்கள் அங்கே வந்து கூடும். நம் பாக் விரிகுடாக் கடற்பசுவின் சொந்தக்காரர்கள் இவர்கள். மீனைப் பிடிக்க விடாத அதே குளிர்தான் இவர்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்து வருகிறது. குளிர் கூடக் கூடக் கூட்டமும் கூடும்.

இரண்டு மூன்று நாள் வெயில் அடித்தால் ஏரி மறுபடி சூடேறிவிடும். பாஸும் கோரைப்புல் ஓரத்துக்கு வந்துவிடும். ஊருக்குக் கிளம்பும்போது படகின் அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, இழுவை வண்டியின் அச்சு வரை குனிந்து பார்க்க வேண்டும். பாசித் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும் படகை ரோட்டில் இழுத்துப்போவது மினசோட்டாவில் சட்ட விரோதம்.