கீல் குதிரையும் பழைய காரும்

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டினால் பாலுசெட்டிச் சத்திரம் வரும். அதை ஒட்டினாற்போல் இருக்கிறது திருப்புட்குழி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஜடாயுவுக்கு ராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் என்பது ஐதிகம். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு படுத்து, விடிந்ததும் முளை விட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதெல்லாம் நேயர்களில் பலருக்குத் தெரிந்த சமாசாரம்தான். நான் சொல்ல வந்தது அந்தக் கோயிலில் இருக்கும் குதிரையைப் பற்றி.

அது ஒரு மரக் குதிரை வாகனம். கீல் குதிரை என்பார்கள். உறுப்பு உறுப்பாகச் செய்து கீல் வைத்துப் பூட்டியது. பெருமாள் ஏறி வரும்போது அசல் குதிரையைப் போலவே அங்கங்கள் அசையுமாம். அதைச் செய்த சிற்பி, இதைப்போல் இன்னொன்று யாருக்கும் செய்து தருவதில்லை என்று உறுதி பூண்டு, அந்த உறுதியைக் காப்பதற்காக உயிரையே விட்டார் என்று கதை. அவருக்கு மரியாதையாக உற்சவத்தின் எட்டாம் நாள் பெருமாளே அவர் வாழ்ந்த தெருவுக்கு எழுந்தருளுகிறார்.

கதை அழகான கதை. ஆனால் எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. குதிரை நம்மிடம் இருக்கிறது. அதைச் செய்த கை போய்விட்டது!

இதே சாலையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பழைய கார்கள் சில பளபளவென்று போவதைப் பார்த்திருப்பீர்கள். மாமனார் காலத்து வண்டி, பெரியப்பா வாங்கிய வண்டி என்று ஷெட்டில் துணி போர்த்தி வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. “உதிரிப் பாகம் கிடைக்கவில்லை” என்று அவர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். உண்மையில் பாகம் எப்படியாவது கிடைத்துவிடுகிறது. லண்டனிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ பார்சலில் வந்து இறங்குகிறது. அதை மாட்டத் தெரிந்த கைதான் கிடைப்பதில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இன்ஜெக்டர் மாற்றுவதைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

இன்ஜெக்டர் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பம்பு ஸ்டவ்வில் சமைத்த பாட்டிமார்களுக்கு இதைவிடச் சுலபமான விஷயம் வேறில்லை. ஸ்டவ்வில் காற்றடிக்கிறோம், அழுத்தத்தில் கிருஷ்ணாயில் மேலேறி, ஊசி முனை போன்ற துளை வழியாகப் பீறிட்டு, நீலமாக எரிகிறது. துளையில் கரி அடைத்துக்கொண்டால் மஞ்சளாகப் புகைகிறது. பின் வைத்துக் குத்துகிறோம். காரின் இன்ஜெக்டரும் அப்படித்தான், பெட்ரோலைப் பனியைப்போல் தூவுகிற ஒரு குட்டித் துளை. எப்போது தூவ வேண்டும், எவ்வளவு தூவ வேண்டும் என்ற கணக்கு மட்டும் கூடுதல். ஆறு சிலிண்டர் வண்டியென்றால் ஆறு இன்ஜெக்டர்.

இது இல்லாத வண்டிகளில் கார்புரேட்டர் இருந்தது. ஒரு சின்னக் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும். என்ஜின் இழுக்கும் காற்று அதை உறிஞ்சிக்கொண்டு போகும். தரையில் ஓடும் வண்டிக்கு இது போதும். ஆகாயத்தில்தான் வம்பு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் சண்டை விமானங்களில் இன்ஜெக்டர் இருந்தது. ஆங்கிலேயரின் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களின் மெர்லின் என்ஜினில் கார்புரேட்டர். ஜெர்மன்காரன் சட்டென்று மூக்கைக் கவிழ்த்துப் பாய்வான். துரத்தும் ஆங்கிலேய விமானமும் கவிழ்ந்தால் கிண்ணத்துப் பெட்ரோல் மேலே எழும்பிவிடும். என்ஜின் முதலில் பெட்ரோல் கிடைக்காமல் திணறும். மறு நிமிஷம் அளவுக்கு மேல் பாய்ந்து மூச்சு முட்டும். எதிரி தப்பிவிடுவான், அல்லது திரும்பி வந்து சுடுவான்.

இதற்கு வழி கண்டவர் ஒரு பெண். பியாட்ரிஸ் ஷில்லிங் என்று பெயர். ஃபார்ன்பரோவில் விமான ஆராய்ச்சி நிலையத்தில் என்ஜினீயர். புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் நார்ட்டன் மோட்டார் சைக்கிளை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கியவர் என்றால் ஆசாமி எப்படிப்பட்டவர் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்! கார்புரேட்டரைத் தூக்கியெறிந்து புதிதாக ஒன்று வடிக்க நேரமில்லை. யுத்தம் வாசலில் நிற்கிறது. அவர் செய்தது ஒரு சிறு பித்தளைத் துண்டு, நடுவில் ஓர் அளவான துளை. என்ஜின் முழு வேகத்தில் எவ்வளவு குடிக்குமோ அவ்வளவு பெட்ரோல்தான் அந்தத் துளை வழியாகப் போகும். 1941ல் ஒரு சிறு குழுவோடு விமானத் தளம் தளமாகப் போய், விமானங்களைப் பட்டறைக்கு இழுத்து வராமலே அதை மாட்டிக் கொடுத்தார். சமையலறைத் திருகாணி அளவுள்ள பொருள். அதை எங்கே வைப்பது என்று தெரிந்ததில்தான் எல்லாம் இருந்தது.

யுத்தம் முடிந்து இன்ஜெக்டர் சாலைக்கு இறங்கியது. 1954ல் மெர்ஸிடிஸ் கம்பெனி 300 எஸ்.எல். காரை வெளியிட்டது, கதவைத் திறந்தால் பறவை இறக்கை விரிப்பது போல் மேலே எழும், அந்தக் கார்தான். அதில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் தூவப்பட்டது. சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகும், என்ஜின் சுழன்று ஓய்கிற வரையில் பம்பு தூவிக்கொண்டே இருக்கும்; அந்தப் பெட்ரோல் கீழே கசிந்து என்ஜின் ஆயிலோடு கலந்துவிடும். சொந்தக்காரர்கள் அடிக்கடி ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. அழகிக்குச் செலவு உண்டு, பின்னே என்ன!

நமக்கு உறவான கார் ஒன்றும் உண்டு. 1961ல் சென்னையில் தயாராகத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டை மறக்காதவர்கள் இருப்பீர்கள். அதன் தாய்வீடு இங்கிலாந்தில் கவென்ட்ரி. அங்கே அதே குடும்பத்தில் 1967ல் பிறந்தது டிரையம்ஃப் டி.ஆர். 5. ஹெரால்டுக்கு வடிவம் வரைந்த இத்தாலியர் மிக்கெலாட்டியின் கைவண்ணம்தான் அதுவும். ஆக, நம் ஹெரால்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆறு சிலிண்டர், இரண்டரை லிட்டர், லூகாஸ் கம்பெனியின் இன்ஜெக்டர்கள். அடுத்து வந்த டி.ஆர். 6 வண்டியிலும் அதே ஏற்பாடு 1975 வரை நீடித்தது. நம் நாட்டில் அக்காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமை. ஆகவே ஹெரால்டு தெருவுக்குத் தெரு ஓட, தம்பி இங்கே அரிதாகவே எட்டிப் பார்த்தார்.

அந்த லூகாஸ் ஏற்பாட்டில் பெட்ரோல் பம்பின் மோட்டார், மழையில் கண்ணாடி துடைக்கிற வைப்பர் மோட்டாரின் வழித்தோன்றல். இங்கிலாந்தின் குளிருக்கே அது சூடேறிப் படுத்துவிடும் என்று புகார். நம் ஊர்ச் சித்திரை வெயிலைக் கேட்க வேண்டுமா? ஆகையால் விஷயம் தெரிந்த மெக்கானிக், “இன்ஜெக்டர் கெட்டுவிட்டது, ஆறையும் மாற்ற வேண்டும்” என்று ஒருவர் வந்து நின்றால், முதலில் பின்னால் போய்ப் பம்பில் கை வைத்துப் பார்ப்பார். பிறகு ஓடுகிற என்ஜினில் ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயாக விரலால் தொடுவார். நன்றாக இருப்பது வண்டு ரீங்கரிப்பது போல் அதிரும். சும்மா கிடப்பதுதான் நோயாளி. நாடி பார்ப்பது என்றே சொல்லலாம். இதைச் செய்யாமல் ஆறையும் மாற்றி, பில்லை நீட்டி, பிறகு “பம்பில்தான் கோளாறு” என்று தலையைச் சொறிவது புது வழக்கம். கழற்றிய இன்ஜெக்டர்களையும் முதலில் அல்ட்ராசானிக் தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்து பார்ப்பதே என் கட்சி. நகைக்கடையில் கொலுசை முக்கி எடுக்கிறார்களே, அதே வகைத் தொட்டிதான். பாதிப் பேருக்குச் செலவு அதோடு நின்றுவிடும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த வேலையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பாட்டரியின் பூமி ஒயரைக் கழற்ற வேண்டும். குழாயில் அடைபட்டிருக்கும் அழுத்தத்தைத் துணி சுற்றி மெதுவாக விட வேண்டும். இந்த மூன்றாவதில்தான் அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கார் டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு சுமாருக்குக் காற்றடிக்கிறோம். லூகாஸ் குழாயில் பெட்ரோல் 100 பவுண்டு சுமார் அழுத்தத்தில் நிற்கிறது. ஸ்பானரைப் போட்டு நேரே திருகினால் முகத்தில் பீச்சும். போதாக்குறைக்கு இந்த என்ஜினில் பெட்ரோல் போகும் பக்கமும் புகைக்குழாயும் ஒரே பக்கத்தில், கீழும் மேலுமாக. சூடாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டாம்.

கழற்றிய துளைகளைச் சுத்தமான துணியால் உடனே அடைக்க வேண்டும். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் என்ஜினையே பிரிக்க நேரும். பழைய ரப்பர் வளையம் பல சமயம் இன்ஜெக்டரோடு வராமல் துளையிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைப் பாராமல் புதியதை மேலேயே அழுத்துகிறவர்கள் உண்டு! காற்றுப் பக்கத்து வளையம் சரியில்லையென்றால் வண்டி நின்ற இடத்தில் தள்ளாடும், அவ்வளவுதான். பெட்ரோல் பக்கத்து வளையமோ குழாயோ விரிசல் விட்டால் ஷெட்டும் சேர்ந்து போகும்.

இந்த ரப்பர் சமாசாரம் இப்போது முன்னைவிட முக்கியம். 2025க்குள் நாட்டில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக வந்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு முந்திய ரப்பர் எத்தனாலை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதல்ல. ஊறி உப்பும், பிறகு விறைத்து வெடிக்கும். எத்தனாலைத் தாங்கும் விட்டான் வகை வளையமும், அதற்கென்றே செய்த குழாயும் வாங்கிப் போட வேண்டும். நம் வீட்டு காஸ் அடுப்புக் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றச் சொல்கிறார்கள் அல்லவா? காருக்கும் தேதி எழுதி வையுங்கள். ஆயிரக்கணக்கில் இன்ஜெக்டருக்குக் கொடுத்துவிட்டு, சில நூறு ரூபாய்க் குழாயில் மிச்சம் பிடிப்பவரை என்னவென்று சொல்வது? இதை வீட்டில் எடுத்துச் சொல்லக்கூடியவர் நீங்கள்தான். பால் கணக்கில் தண்ணீரைக் கண்டுபிடிக்கிறவர் அல்லவா!

புதியது மாட்டியதும் கடைசியில் ஒரு சோதனை உண்டு. தீப்பொறி வராதபடி காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றின் நுனியையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் நீட்டி, ஸ்டார்ட்டரைச் சுழற்றுவார்கள். முதலில் காற்றும் பெட்ரோலுமாகத் துப்பும். காற்று போனபின் குடை விரிந்தாற்போல் வட்டமாகத் தூவ வேண்டும். ஒழுகினாலோ ஒருபக்கமாகச் சாய்ந்தாலோ அதை மாட்டக் கூடாது. அந்த நேரத்தில் பக்கத்தில் தீயணைக்கும் சிலிண்டர் இருக்கட்டும். பூஜையறை விளக்கை ஷெட்டிலிருந்து தள்ளியே வையுங்கள். பீடி பிடிக்கும் மாமாவை மாடிக்கு அனுப்பிவிடுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய பெட்ரோல் ஸ்கூட்டராக இருந்தால் உங்கள் வண்டியிலும் ஓர் இன்ஜெக்டர் இருக்கக் கூடும். அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுக்க ஒரு சின்ன மூளை இருக்கிறது; கோளாறு என்றால் விளக்கு எரிந்து சொல்லும். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்த மூளை மெக்கானிக்கின் விரலிலும் காதிலும் இருந்தது. அப்படிப்பட்ட பெரியவர் உங்கள் பேட்டையில் யாராவது இருந்தால், வண்டியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். மகனையோ மகளையோ கூடவே நிற்க வையுங்கள். எந்தத் திருகை எவ்வளவு திருப்பினார், எந்தச் சத்தத்துக்கு முகம் சுளித்தார் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பெரியவர் கொஞ்சம் முறைப்பார். ஒரு டம்ளர் காப்பி கொடுத்தால் தானே சொல்ல ஆரம்பிப்பார்.

கழற்றிய பழைய இன்ஜெக்டர்களைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம். எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று 1 முதல் 6 வரை நம்பர் கட்டி, துளியளவு எண்ணெய் தடவி, மூடி இறுக்கமான பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்துவிடுங்கள். சுத்தம் செய்தால் அவற்றில் நாலாவது தேறும்.