மாநாடுகளும் ஆட்டு வியாபாரிகளும்

அரபு நாடுகளும் ஆபிரிக்க நாடுகளும் பொருளாதாரப் பங்காளிகளாக வேண்டும் என்ற பேச்சு புதியதன்று. முதலாவது ஆபிரிக்க-அரபு உச்சிமாநாடு 1977 மார்ச்சில் கெய்ரோவில் கூடியது. இரண்டாவது மாநாட்டைக் கூட்டுவதற்கு 33 ஆண்டுகள் பிடித்தன. மூன்றாவது மாநாடு 2013 இல் குவைத்தில் நடந்தபோது, ஆபிரிக்காவுக்கு 100 கோடி டொலர் சலுகைக் கடன் அறிவிக்கப்பட்டது. அரசாங்கம் அரசாங்கத்துக்கு வழங்கும் கடன்களால் வீதிகள் அமையும், அணைகள் எழும். அவை வேண்டியவையே. ஆனால், இரு கரைகளுக்குமிடையில் நூற்றாண்டுகளாக வாணிபத்தை நடத்திவரும் சிறு வியாபாரி இந்தக் கணக்கில் எங்கே இருக்கின்றான் என்பதே எனது கேள்வி. (வியாபாரத்தைச் சுவாஹிலி மொழியில் 'பியாஷாரா' என்பர். கொள்வனவையும் விற்பனையையும் குறிக்கும் அரபுச் சொற்களிலிருந்து பிறந்தது அது.)

1991 இல் தன்னைத் தனிநாடாகப் பிரகடனம் செய்த சோமாலிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள புராவோ சந்தையில் ஆடுகளையும் ஒட்டகங்களையும் விலைபேசும் தரகரை 'திலால்' என்று அழைப்பார்கள். துணியின் மறைவில் விரல்களைப் பிடித்து விலைபேசும் வழக்கம் அங்கும் உண்டு. தமிழகத்து மாட்டுச் சந்தைகளைக் கண்டவர்களுக்கு இது வியப்பளிக்காது. விற்கப்படும் விலங்கு களவெடுத்ததன்று என்பதற்கு அந்தத் தரகரின் வாய்ச்சொல்லே பிணை. அங்கிருந்து பெர்பெரா துறைமுகம் வழியாக ஹஜ் காலத்துக்கான ஆடுகள் சவூதி அரேபியாவுக்குக் கப்பலேறுகின்றன.

2000 செப்டெம்பரில், பிளவுப் பள்ளத்தாக்குக் காய்ச்சலைக் காரணங்காட்டி சவூதி அரேபியா இந்த இறக்குமதியைத் தடைசெய்தது. தடை நீங்க 2009 ஆகிவிட்டது. நோயைத் தடுப்பது நியாயமே. ஆயினும் ஒன்பது ஆண்டுகள் நீடித்த அந்தத் தடையின் சுமையைத் தாங்கியவர்கள் மேய்ப்பர்களும் சிறு ஏற்றுமதியாளர்களுமே. இன்று கப்பலேறும் விலங்கு தனிமைப்படுத்தல் நிலையத்தைக் கடந்தாக வேண்டும். அந்த வாசலை வைத்திருப்பவனே விலையையும் தீர்மானிப்பான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பெர்பெரா துறைமுகத்துக்கு 2016 இல் டுபாயின் டிபி வேர்ல்ட் நிறுவனம் 44 கோடி 20 இலட்சம் டொலர் முதலீட்டை ஒப்புக்கொண்டது. மேய்ப்பனின் பங்கு பற்றி இத்தகைய பெரும் ஒப்பந்தங்கள் பேசுவதில்லை.

பணமாற்றுக்கும் இதே கதிதான். நாணயக் கடிதம் வழங்க வங்கி இல்லாத இடத்தில், நம்மவர் 'உண்டியல்' என்று சொல்லும் ஹவாலாவே வங்கி. சோமாலியரின் மிகப்பெரிய பணமாற்று நிறுவனமான அல் பரகாத்தை 2001 நவம்பரில் அமெரிக்கா முடக்கியபோது வியாபாரியின் முதலும் தாய்மாரின் மாதப் பணமும் ஒன்றாகவே அகப்பட்டுக்கொண்டன. வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பிய வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. ஆபிரிக்காவின் பொருளாதார அபிவிருத்திக்கான அரபு வங்கி 1973 இல் தீர்மானிக்கப்பட்டு 1975 இல் இயங்கத் தொடங்கியது. அரபு லீக்கில் அங்கம் வகிக்கும் ஆபிரிக்க நாடுகளுக்கு அது கடன் வழங்குவதில்லை. சோமாலியா 1974 இலேயே அந்த லீக்கில் சேர்ந்துவிட்டது. ஆகவே அரபு-ஆபிரிக்க வாணிபத்தையே தொழிலாகக் கொண்ட புராவோ வியாபாரிக்கு அந்த வங்கியின் கதவு மூடியிருக்கின்றது.

முயற்சியாண்மையை வளர்ப்போம் என்று பேசுவோர் பயிற்சிப் பட்டறைகளை நடத்துவார்கள். புராவோ வியாபாரிக்கு வியாபாரம் கற்பிக்க எவரும் தேவையில்லை. தனிமைப்படுத்தல் நிலையத்தில் வியாபாரிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பங்கு, கொள்வனவாளன் பணம் தராதபோது முறையிட ஜித்தாவிலும் பெர்பெராவிலும் ஒரு பொது நடுவர் மன்றம், சரக்குடன் சென்றுவர ஒரு விசா. அடுத்த மாநாட்டுப் பிரகடனத்தில் நான் தேடப்போவது இந்த மூன்றையுமே.