விருந்தினர் கடமை

விருந்தோம்புவாரின் கடமையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டிருப்பது மிகுதி. திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தருளினார். விருந்தினராய்ச் செல்வாரின் கடமையைப் பற்றி எழுதப்பட்டிருப்பதோ மிகச் சிறிது. முற்காலத்து விருந்தினன் பசித்தும் களைத்தும் வந்தவன். பிறர் வாயிலில் நிற்கின்றோம் என்னும் நினைவே அவனை அடக்கிவைத்தது. அவனுக்கு வேறு போதனை வேண்டியிருந்திலது. இக்காலத்திலோ பணங்கொடுத்து விருந்தினராகும் வழக்கம் பெருகிவிட்டது. பணங்கொடுத்து நுழைபவனுக்கு அந்நினைவு இல்லை. ஆகலின், உல்லாசப் பூங்காக்களுக்குச் செல்லும் நாம் அங்குப் பணிபுரியும் எளியோரை நடத்தும் முறையைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகின்றோம்.

நம் மாவட்டத் தலைநகராகிய திருவள்ளூரின் பெயரே ஒரு விருந்தினன் கேட்ட கேள்வியினால் உண்டாயிற்று என்பது தலபுராணக் கதை. சாலிஹோத்திர முனிவர் நெடுநாள் நோன்பிருந்து, பாரணைக்கென அமைத்த உணவை, முதியவர் ஒருவர் வரக் கண்டு அவருக்கு இட்டார். வந்தவர் முனிவரின் பங்கையும் உண்டுவிட்டு, களைப்பாற இடம் வேண்டி, “படுப்பதற்கு எவ்வுள்?” என்று வினவினார். முனிவர் தம் குடிலைக் காட்டினார். அங்கே சயனித்தவர் திருமாலே என்றும், அதனால் ஊர் திருவெவ்வுள் ஆகிப் பின்னர்த் திருவள்ளூர் என மருவிற்று என்றும் கூறுவர். இக்கதையில் முனிவரின் ஈகையைப் புகழாதார் இல்லை. விருந்தினரின் பண்பையோ பெரும்பாலோர் கவனிப்பதில்லை. உலகமெல்லாம் தமதாயிருந்தும், பிறர் குடிலில் படுக்குமுன் “எந்த இடம்?” என்று அவர் கேட்டாரல்லரோ? நம் கட்டுரையின் கருத்து முழுவதும் அக்கேள்வியிலே அடங்கியிருக்கின்றது.

நிற்க. இம்மாவட்டம் இன்று ஆலைகளின் நாடு. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும், ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையிலும் ஆயிரக்கணக்கானோர் உழைக்கின்றனர். தென்பாண்டி நாட்டினின்றும், ஒடிசா, பீகார் முதலிய தூரதேசங்களினின்றும் வந்தோர் அவருட் பலர். ஆறு நாள் உலைவெப்பத்தில் வெந்தவர்களுக்கு ஏழாம் நாளில் ஒரு களிப்பு வேண்டுமன்றோ? பூவிருந்தவல்லிக்கு மேற்கேயும், கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், பிறவிடங்களிலும் எழுந்த உல்லாசப் பூங்காக்கள் அத்தேவையையே நிறைவேற்றுகின்றன. ஓய்வுநாளில் அவை ஜனசமுத்திரமாகிவிடும். நமக்கு ஓய்வாகிய அந்நாளே அங்குள்ள சிப்பந்திகளுக்கு மிகக் கடுமையான வேலைநாள் என்பதை எண்ணிப் பார்ப்பார் எத்தனை பேர்?

அவர்கள் வேலை எத்தகையது? இராட்டினத்தின் வாயிலில் ஓர் இளைஞன் குறியிட்ட கம்பத்தருகே நிற்கின்றான். அக்குறிக்குக் குறைந்த உயரமுடைய குழந்தையை ஏற்றலாகாது. இருக்கையின் பிடிகம்பி குறிப்பிட்ட உடலளவுக்கென்றே அமைக்கப்பட்டது. சிறிய உடல் அதனூடே நழுவிவிடும். அதற்கே அவ்விதி. இதனை அவன் நாளொன்றுக்கு நூறு முறை சொல்லுகின்றான். நூறு முறையும், “ஓர் அங்குலந்தானே, விட்டால் என்ன?” என்று தொடங்கி, “நான் யார் தெரியுமா?” என்பதில் முடிகின்ற வாதத்தைக் கேட்கின்றான். நீர்விளையாட்டுத் துறையில் நிற்கும் பெண், ஏற்ற உடையின்றி இறங்கலாகாது என்று தடுத்தால் அவள் காதில் விழும் சொற்களை இங்கே எழுத இயலாது. கரடி வேடத்தையோ முயல் வேடத்தையோ அணிந்து நிற்பவன் பஞ்சும் துணியும் பொதிந்த அவ்வுறைக்குள் சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருக்க, சிறுவர் அவன் முதுகில் குத்துகின்றனர். பெற்றோர் அதனைப் படம் பிடித்து மகிழுகின்றனர். வரிசையை மீறுவோர், குடித்துவிட்டு வந்து சுழலும் ஊர்தியில் ஏற முயல்வோர், எச்சிலிலையையும் தாளையும் கண்டவிடத்தில் எறிந்துவிட்டுக் கூட்டுகின்ற அம்மையாரை அதட்டுவோர் என அவர்களின் பட்டியல் நீளும்.

பிறரைக் குறைகூறப் புகுந்த நாம் நம்மை மறைத்தல் முறையன்று. மாணவராகிய நாமே இவ்விஷயத்தில் முதற் குற்றவாளிகள். சென்ற ஆண்டு நம் வகுப்பினர் நாற்பதின்மர் ஒரு பூங்காவிற்கு இன்பச்செலவு சென்றிருந்தோம். பூங்காவின் பெயர் இங்கு வேண்டா. அலைக்குளத்தின் கரையில் நின்ற காவலர், ஆழமான பக்கத்துக்கு நாம் சென்றபோதெல்லாம் ஊதலை ஊதி அழைத்தார். நம்முள் சிலர் வாயினாலேயே அவ்வூதலைப் போல ஒலித்துக் கேலி செய்தனர். ஏனையோர் நகைத்தோம். அவர் ஒன்றும் சொல்லாது தம் வேலையைப் பார்த்தார். மாலையில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது, அவரே கையில் உணவுப் பாத்திரத்துடன் எம்மருகில் வந்து நின்றார். எம்மை அடையாளங் கண்டுகொண்டார். கோபமின்றி, “தம்பி, என்னைக் கேலி செய்தீர்கள், அது பெரிதில்லை. ஆனால் நீங்கள் ஊதத் தொடங்கியபின் என் ஊதலுக்கு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் ஒரு குழந்தை மூழ்கியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?” என்றார். நாற்பதின்மரில் ஒருவருக்கும் விடை வரவில்லை. இக்கட்டுரை ஒருவாறு அவருக்கு நாம் காலந்தாழ்த்துக் கூறும் விடையே ஆகும்.

ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள வி.ஜி.பி. பூங்காவின் ‘சிலை மனிதரை’ நம் வாசகர் பலர் பார்த்திருப்பர். அரண்மனைக் காவலரைப் போல உடுத்து, இமையும் அசையாது நிற்பார். வருவோர் முகத்தைக் கோணியும், ஆடியும், பாடியும், அவரை எவ்வாறேனும் சிரிக்கவைக்க முயல்வர், அவர் சிரியார். அது அவர் விரும்பிப் பயின்ற கலை. அவரோடு பொருதல் ஒரு விளையாட்டாகவே அமைக்கப்பட்டது. பிழை யாதெனின், நாம் பூங்காவிலுள்ள எல்லாப் பணியாளரையும் சிலை மனிதராகவே எண்ணிவிட்டோம். எது சொன்னாலும் முகம் மாறலாகாது. எது செய்தாலும் கை ஓங்கலாகாது. முகத்தில் புன்னகை மட்டும் நீங்கவே கூடாது. ஆர்லி ஹாக்சைல்ட் என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்து 1983 இல் வெளியிட்ட நூலில், உள்ளத்தில் எழும் உணர்ச்சியை அடக்கி, எழாத உணர்ச்சியை முகத்திற் காட்டுதலும் ஓர் உழைப்பே என்று நிலைநாட்டினார். மூட்டை சுமப்பவனின் தோள்வலி பிறர் கண்ணுக்குத் தெரியும். புன்னகை சுமப்பவனின் வலி ஒருவருக்கும் தெரிவதில்லை.

இத்தகைய விருந்தினர் எல்லாரும் கொடியரோ எனின், அல்லர். இங்கேதான் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. இராட்டினக்காரனை ஏசுபவன் பெரும்பாலும் செல்வச் சீமான் அல்லன். வாரமெல்லாம் மேஸ்திரியின் அதட்டலைக் கேட்டுத் தலைகுனிந்து நின்றவன் அவன். ஒருநாளேனும் தான் அதட்டவும் பிறர் தலைகுனியவும் காண அவன் உள்ளம் விழைகின்றது. நுழைவுச் சீட்டோடு அவ்வுரிமையையும் வாங்கிவிட்டதாக அவன் எண்ணிக்கொள்கின்றான். வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்கத் தக்க இடத்தில் கொடுக்க மாட்டாமல், கொடுக்கத் தகாத இடத்தில் கொடுக்கின்றான். அடிபட்டவனோ அவனைப் போன்ற மற்றொரு தொழிலாளி; ஒப்பந்தக்காரனிடம் கூலிபெறுபவன்; ஒருவேளை அவன் ஊரினன். இதனினும் இரங்கத்தக்க காட்சி யாது?

“பணங் கொடுத்தோம், பொறுத்துக்கொள்ளத்தானே அவர்களுக்குச் சம்பளம்?” என்பது சிலர் வாதம். பணங்கொடுத்து நாம் பெற்றது இராட்டினத்தில் ஏறும் உரிமை; அதனை இயக்குபவனின் மானம் அச்சீட்டில் விலையிடப்படவில்லை. அவன் சம்பளமும் இயந்திரத்தைக் காப்பதற்கும் நம்மைக் காப்பதற்கும் உரியதே அன்றி, வசை கேட்பதற்கு உரியதன்று. வேறு சிலர், “நெடிய வரிசை, நிழலில்லை, சிற்றுண்டிக்கு அநியாய விலை, கோபம் வாராதோ?” என்பர். இவ்வாதத்தில் நியாயமுண்டு. பூங்காவின் குறைகள் பல என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் வரிசையை நீட்டியவனும் விலையை உயர்த்தியவனும் வாயிலில் நிற்கும் பையன் அல்லன். அவனும் அந்நிழலின்மையிலேதான் நாள்முழுதும் நிற்கின்றான். குறையை முதலாளிக்கு எழுதுக. மேலாளரைக் கண்டு முறையிடுக. அதுவே ஆண்மை.

இனி, எல்லாவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. பூங்காப் பணியாளரின் தொழிலில் மிக உயர்ந்த பகுதி ‘கூடாது’ என்று சொல்லுதலே ஆகும். 2011 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆம் நாள், கிறிஸ்து பிறந்த திருநாளில், நம் மாவட்டத்துப் பழவேற்காட்டு ஏரியில் உல்லாசமாகச் சென்றோரின் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். மாண்டோரைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. அவர்கள்பொருட்டு இன்றும் நெஞ்சு நைகின்றது. நாம் கூறவந்தது இதுவே: நீரிலும் உயரத்திலும் வேகத்திலும் விளையாடும் இடங்களில், “இத்தனை பேர் ஏறலாகாது, மிதவையுடை இன்றி இறங்கலாகாது” என்று தடுக்கும் ஒருவனின் சொல்லே நமக்கும் சாவுக்கும் இடையிலுள்ள வேலி. அச்சொல்லுக்காக அவனை நாள்தோறும் ஏசினால் என்னாகும்? ஒருநாள் அவன் களைத்துப்போவான். “யாதாயினும் ஆகுக” என்று அவ்வேலியைத் திறந்துவிடுவான். அவனை அவமதிப்பவன் தன் குழந்தையின் காவலையே தளர்த்துகின்றான்.

பிறநாடுகள் இதனை உணரத் தொடங்கிவிட்டன. தென்கொரியாவில், வாடிக்கைக்காரரின் வசையினின்றும் பணியாளரைக் காப்பது முதலாளியின் கடமை என்று 2018 இல் சட்டம் திருத்தப்பட்டது. வாடிக்கைக்காரர் இழைக்கும் இவ்விதத் துன்பத்திற்கு ஜப்பானியர் ‘கஸுஹாரா’ என்று தனிப் பெயரே இட்டிருக்கின்றனர். டோக்கியோ நகர ஆட்சியார் அதனைத் தடுக்க 2024 இல் விதி இயற்றி, 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தனர். நம் நாட்டிலும், பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலினின்றும் காக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம், அங்கு வந்து போகும் வெளியாராலும் தீங்கு நேராவண்ணம் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை முதலாளியின் மேல் வைத்திருக்கின்றது. கடைகளிலும் நிறுவனங்களிலும் நின்றே உழைப்போர்க்கு இருக்கை தரவேண்டும் என்று நம் தமிழ்நாட்டு அரசும் 2021 இல் சட்டம் செய்தது. சட்டங்கள் நல்லன. ஆயினும் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவன் நாவின் அருகிலும் ஒரு காவலரை நிறுத்தச் சட்டத்தால் இயலாது.

ஆகவே பூங்கா உடையார்க்கு ஒன்றும், நமக்கு ஒன்றும் கூறி முடிப்போம். உடையார்களே, உங்கள் பணியாளன் விதிப்படி ‘கூடாது’ என்று சொன்னபோது அவன் பக்கம் நில்லுங்கள். கூச்சலிட்டவனுக்கு மேலாளர் வந்து வழிவிட்டால், மறுநாள் எல்லாரும் கூச்சலிடுவர். அடங்காத விருந்தினனை வெளியேற்றுதல் உங்கள் வாணிபத்திற்கு இழுக்கன்று. நிழலும் நீரும் இருக்கையும், இடையிடையே சிறிது ஓய்வும் கொடுங்கள். வேடம் பூண்டு நிற்பவனை நெடுநேரம் வெயிலில் விடாதீர்கள்.

மாணவத் தோழர்களே, நாம் செய்யத்தக்கது எளிது. சொல்லும் விதியை ஒரே முறையில் கேட்போம். பணியாளரை ‘அண்ணா’ என்றும் ‘அக்கா’ என்றும் அழைப்போம். நம் கூட்டத்தில் ஒருவன் வரம்பு கடந்தால் ஏனையோர் நகையாதிருப்போம். நகைப்பார் இல்லாவிடின் குறும்புக்கு உயிரில்லை. விடுமுறை நாட்களில் இத்தகைய இடங்களில் வேலை செய்து கல்விச் செலவை ஈட்டுவோர் நம் மாணவருள்ளும் உளர் என்பதை மறவாதிருப்போம்.

மம்ரேயின் கருவாலி மரத்தடியில் ஆபிரகாம் வெயில்வேளையில் அயலார் மூவரை ஓடி வரவேற்று அமுதளித்தான் என்று வேதம் கூறும். அவர்கள் அவன் இல்லத்தை விட்டகலுமுன் ஒரு நல்வாக்கை அங்கே வைத்துச் சென்றனர். எவ்வுள் என்று கேட்ட முதியவரும் தாம் தங்கிய இடத்திற்கு அழியாப் பெயரை அளித்தார். நல்ல விருந்தினன் தான் வந்த இடத்தைச் சிறிதேனும் மேன்மைப்படுத்தியே செல்லுகின்றான். அடுத்த இன்பச்செலவில் அலைக்குளக் காவலரின் ஊதல் ஒலிக்கும்பொழுது, நாம் திரும்பிப் பார்த்துக் கரையேறுவோமாக. அவருக்கு நாம் அளிக்கத்தக்க வேறு பரிசு இல்லை.