கூடம்தான் கோணல்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். செல்போன் ஆப் விஷயத்தில் இந்தப் பழமொழியை நம் வயதுக்காரர்கள் தலையில் எல்லோரும் போட்டுவிட்டுப் போகிறார்கள். பட்டன் காணவில்லை என்றால் "தாத்தாவுக்குப் போன் பார்க்கத் தெரியல" என்கிறார்கள். எழுத்து பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது என்றால் "கண்ணாடியை மாத்துங்க சார்" என்கிறார்கள். நாமும் தலையை ஆட்டிவிட்டு, வயசாகிவிட்டது என்று நம்மையே நொந்துகொள்கிறோம்.

நண்பர்களே, இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஆடத் தெரியாதது நமக்கில்லை. கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கிறது. அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே அளக்காமல் கட்டியிருக்கிறார்கள்.

என்னிடம் இருப்பது ஐபோன். பிரான்சில் இருக்கும் மகள் புதுசு வாங்கிக்கொண்டு பழசை எனக்குத் தந்தாள். புதுவையில் பல வீடுகளுக்கு ஐபோன் வந்து சேரும் வழி இதுதான். வந்த அன்றே எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டேன். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதற்குள் டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ், அதற்குள் லார்ஜர் டெக்ஸ்ட். அங்கே மொத்தம் 12 படிகள் இருக்கின்றன. சாதாரணப் படியில் 17 பாயிண்ட் இருக்கும் எழுத்து கடைசிப் படியில் 53 பாயிண்ட் ஆகிறது. நான் நடுவில் ஒரு படியில் நிறுத்தியிருக்கிறேன். போனோடு வந்த மெசேஜும் மெயிலும் மரியாதையாகப் பெரிதாகின்றன. வரி மடிந்து கீழே இறங்குகிறது, தள்ளிப் பார்த்தால் மிச்சம் வருகிறது.

வெளியார் எழுதிய சில ஆப்களைத் திறந்தால்தான் கூத்து. பெயர்கள் வேண்டாம், கூத்தை மட்டும் சொல்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒன்று, கடைசிப் பட்டன் திரைக்குக் கீழே போய்விடும். தள்ளினால் திரை நகராது.

இரண்டு, தள்ளினால் நகரும். பட்டன் தலையைக் காட்டும். விரலை எடுத்ததும் ரப்பர் மாதிரி மேலே ஓடிவிடும். ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அழுத்த முயன்றவர்கள் நம்மில் எத்தனை பேர்!

மூன்று, பட்டன் கண்ணெதிரே இருக்கும். எத்தனை முறை அழுத்தினாலும் அசையாது.

நான்கு, ஓடிபி எண்ணை அடிக்கப் போனால் கீழிருந்து எண்பலகை எழும்பி, அடுத்து அழுத்த வேண்டிய பட்டனை மூடிவிடும். ஐபோனின் எண்பலகையில் 'முடிந்தது' என்று ஒரு விசை கிடையாது. அதை இறக்கவும் முடியாது, அடியில் இருப்பதைத் தொடவும் முடியாது. அதற்குள் ஓடிபியின் நேரம் முடிந்துவிடும்.

என் பேரன் ஐபோனுக்கு ஆப் எழுதும் வேலையில் இருக்கிறான். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவனை எதிரே உட்கார வைத்து, இந்த நான்குக்கும் காரணம் என்ன என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அவன் சொன்னதில் மாயமோ மந்திரமோ எதுவுமில்லை. மேல்நிலை எழுத்தராக நான் பார்த்த விண்ணப்பப் படிவங்களின் சமாச்சாரம்தான்.

2007இல் ஐபோன் வந்தபோது எல்லாப் போனுக்கும் திரை ஒரே அளவு. 320க்கு 480. அப்போது ஆப் எழுதினவர்கள் இந்தப் பெட்டி இத்தனை புள்ளி தள்ளி, இந்தப் பட்டன் இத்தனை புள்ளி கீழே என்று நேரடியாக எண்ணைப் போட்டுவிட்டால் போதும். 2012இல் திரை உயர்ந்தது. 2014இல் அகலமும் மாறி இரண்டு புது அளவுகள் வந்தன. 2017இல் மேலே பள்ளமும் கீழே கோடும் வைத்த திரை வந்தது. எண்ணை அடித்து இடம் சொல்லும் காலம் முடிந்தது.

அதற்காக ஆப்பிள் 2012இலேயே ஐபோனுக்கு ஆட்டோ லேஅவுட் என்ற முறையைக் கொடுத்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான, கேசோவரி என்ற பறவையின் பெயர் வைத்த ஒரு கணித முறைதான் அதற்கு அடிப்படை. இதில் எண்ணுக்குப் பதில் உறவு சொல்ல வேண்டும். பட்டனின் மேல் விளிம்பு, பெட்டியின் கீழ் விளிம்பிலிருந்து 8 புள்ளி. பெட்டியின் அகலம், திரையின் அகலத்தில் இருபுறமும் 16 குறைவு. எல்லாம் சமன்பாடுகள். பிரெவே வகுப்பில் எங்களுக்கு 'எக்குவாசியோன்' என்று கற்றுக்கொடுத்தது இதைத்தான். தெரியாதவை இரண்டு என்றால் சமன்பாடு இரண்டு வேண்டும். ஒன்று குறைந்தால் விடை நிலைக்காது. ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் விடையே இல்லை.

முரண் வந்தால் போன் என்ன செய்யும் தெரியுமா? எல்லாவற்றையும் ஒருசேர நிறைவேற்ற முடியவில்லை, ஆகவே இந்த ஒன்றை உடைக்கிறேன் என்று ஆப் எழுதுகிறவரின் கணினியில் எழுத்தில் குறிப்பு போடுகிறது. எங்கள் பாஷையில் அது தணிக்கைத் தடை. தணிக்கைத் தடைக்குப் பதில் சொல்லாமல் கோப்பை மூடினால் எங்களுக்கு மெமோ வரும். இவர்கள் நூறு தடைகள் ஓடும் திரையைப் பார்த்தும் பாராமலும் ஆப்பை வெளியே அனுப்பிவிடுகிறார்கள்.

இனி ஸ்க்ரோல் வியூ. திரைக்குள் அடங்காததைத் தள்ளிப் பார்க்க வைக்கும் ஏற்பாட்டுக்குப் பெயர் அது. நம் அரசாங்கப் படிவத்தில் 'இடம் போதாவிடில் தனித்தாள் இணைக்கவும்' என்று ஒரு வரி இருக்குமே, அதேதான் இது. அந்த வரியை எழுதினவருக்கு, எல்லோருடைய விவரமும் என் கட்டத்துக்குள் அடங்காது என்ற அடக்கம் இருந்தது. தனித்தாளே வைக்காததுதான் முதல் கூத்து. ஆப் எழுதினவர் தன் போனில், தன் கண்ணுக்கு, எல்லாம் ஒரே திரையில் அடங்கிவிட்டது என்று ஸ்க்ரோல் வியூவே போடவில்லை.

இரண்டாவதற்குக் காரணம், தனித்தாள் இருந்தும் அதன் நீளத்தைச் சொல்லாதது. ஸ்க்ரோல் வியூவுக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று ஜன்னலின் அளவு, மற்றது ஜன்னல் வழியாகத் தெரியும் தாளின் அளவு. தாளின் உச்சியிலிருந்து முதல் வரி, அதிலிருந்து இரண்டாம் வரி, இப்படிக் கடைசிப் பட்டன் வரைக்கும், பட்டனிலிருந்து தாளின் அடி வரைக்கும் சங்கிலி அறாமல் உறவு சொல்லியிருந்தால் நீளம் தானாகக் கணக்காகும். எழுத்து பெரிதானால் தாளும் நீளும். கடைசிக் கண்ணியை விட்டுவிட்டாலோ, தாளுக்கு உயரம் இவ்வளவு என்று எண்ணை அடித்துவிட்டாலோ, தாள் குட்டையாக நின்றுபோகும். அதைத் தாண்டி இழுத்தால் ரப்பர் போல் திரும்பத்தானே செய்யும்?

மூன்றாவதும் அதன் தம்பிதான். பெட்டியின் எல்லைக்கு வெளியே தொங்கும் பட்டன் கண்ணுக்குத் தெரியும். ஆனால் விரல் தொடுவது எல்லைக்குள் விழுந்தால்தான் கணக்கு. ஆகவே பார்க்கலாம், தொட முடியாது.

நான்காவதற்கு மருந்து அதைவிடச் சுலபம். எண்பலகை எழும்பும்போது அதன் உயரம் எவ்வளவு என்று போன் ஆப்புக்குச் சொல்கிறது. அந்த அளவு தாளை மேலே ஏற்றினால் போதும். 2021 முதல் பலகையின் மேல் விளிம்போடு பட்டனை நேரடியாகக் கட்டிவிடவே ஒரு வழிகாட்டிக் கோடு கொடுத்திருக்கிறார்கள். தாளைத் தள்ளினால் பலகை இறங்குகிற வசதிக்கு ஒரே ஒரு வரிதானாம்.

இதில் தமிழுக்குத் தனிச் சங்கடம் உண்டு. 'சப்மிட்' என்று ஆங்கிலத்தில் ஆறு எழுத்துக்கு அளந்த பட்டனுக்குள் 'சமர்ப்பிக்கவும்' எப்படி நுழையும்? 'சமர்ப்...' என்று மூன்று புள்ளியோடு நிற்கும். உயரத்தையும் ஆங்கில எழுத்துக்கு அளந்து வைத்தால் நம் 'கீ'யின் கொம்பு மேலே வெட்டுப்படும், 'சூ'வின் வால் கீழே வெட்டுப்படும். பிரெஞ்சுக்காரர்களுக்கும் இதே தொல்லை. ஆங்கிலத்தில் 'பாஸ்வேர்ட்' என்று ஒரு வார்த்தையில் முடிவது அவர்களுக்கு 'மோ த பாஸ்' என்று மூன்று வார்த்தை. இதற்கும் வழி இருக்கிறது. உயரத்தை எண்ணாகச் சொல்லாமல் எழுத்தின் உயரத்துக்கே விட்டுவிட வேண்டும், ஒரே வரி என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும்.

இதையெல்லாம் சொன்னால் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம்.

"ஃபாண்ட்டைச் சின்னதாக்கிக்கோங்க சார்." இது கடைக்குள் வரும்போது கண்ணாடியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வா என்பது போல. எழுத்தின் அளவு என் கண்ணுக்கு நான் செய்துகொண்ட ஏற்பாடு. அதை மதித்து வரையச் சொல்லி 2013 முதல் ஆப்பிள் டைனமிக் டைப் என்ற வசதியைக் கொடுத்திருக்கிறது. மதிக்காதது அவர்கள் குற்றம்.

"பெரிய எழுத்து வைப்பவர்கள் ரொம்பக் கம்மி." பட்டன் கிடைக்காதவர் ஆப்பை அழித்துவிடுகிறார். பிறகு ஆப்பில் மிஞ்சியவர்களை எண்ணிப் பார்த்து, பெரிய எழுத்துக்காரர்களே இல்லை என்கிறார்கள். படிக்கட்டு மட்டும் வைத்த கட்டடத்தில் நின்றுகொண்டு, சக்கர நாற்காலிக்காரர் ஒருவர்கூட மாடிக்கு வருவதில்லையே என்று கேட்பது போல இருக்கிறது.

"டிசைன் கெட்டுப்போகும்." வேலை நடக்காத இடத்தில் அழகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெரிய எழுத்து வந்தால் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்கட்டும். சாதாரண எழுத்துக்காரருக்கு அவர்கள் அழகு அப்படியே இருக்கும்.

"நேரம் இல்லை." ஆப் எழுதும் எக்ஸ்கோடிலேயே எழுத்தளவை ஏற்றி இறக்கிப் பார்க்க ஒரு கோல் இருக்கிறது. மிகப் பெரிய எழுத்து, மிகச் சிறிய போன், தமிழ் மொழி, எழும்பிய எண்பலகை. இந்த நான்கையும் வைத்து ஒவ்வொரு திரையையும் கடைசிப் பட்டன் வரை ஒருமுறை தள்ளிப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்? ஒரு டீ ஆறுவதற்குள் ஒரு திரை முடிந்துவிடும்.

நான் இளைஞர்களை மட்டும் குறை சொல்லவில்லை. ஆப்பைச் செய்து வாங்கும் இடத்தில் ஒரு மேஜை இருக்கிறது. அந்த மேஜையில் ஒருவர் 'பணி திருப்திகரமாக முடிக்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டால்தான் பில் பாஸாகும். அந்தக் கையெழுத்தின் எடை எனக்குத் தெரியும். எழுத்தைப் பெரிதாக்கி ஒருமுறைகூடப் பார்க்காமல் அதைப் போட்டவர்தான் என் முதல் எதிரி.

போகட்டும், ஒரு பட்டன்தானே என்று சிலர் நினைக்கலாம். அந்தப் பட்டன் கிடைக்காதவர் அடுத்து என்ன செய்கிறார் என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஓய்வூதியர் ஒருவர், தனியாக இருப்பவர். மாதாமாதம் போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைப் பையனிடம் போகிறார். பாஸ்வேர்டும் பின் நம்பரும் அவனுக்கு மனப்பாடம். பையன் நல்லவன், இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் பணத்துக்குக் கணக்கு எழுதின மனிதர், தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை இன்னொருவன் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். பின் நம்பரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று தினம் ஒரு குறுஞ்செய்தி வருகிறது. சொல்லாமல் இருக்க முடியாதபடி திரையைக் கட்டிவிட்டு இந்த உபதேசம் எதற்கு?

சட்டமும் நம் பக்கம்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. உலக அளவிலான இணைய அணுகல் நெறிமுறையும் எழுத்தை இருமடங்கு பெரிதாக்கினாலும் உள்ளடக்கமோ செயல்பாடோ போய்விடக் கூடாது என்று 2008 முதல் சொல்கிறது. ஆகவே நாம் கேட்பது தயவு இல்லை.

அவர்கள் திருந்தும் வரை நம் வேலை நடக்க வேண்டுமே. அக்சஸிபிலிட்டி பக்கத்தின் கீழே பர்-ஆப் செட்டிங்ஸ் என்று இருக்கும். அதில் தகராறு செய்யும் ஆப்பை மட்டும் சேர்த்து, அதற்கு மட்டும் எழுத்தைச் சிறிதாக்கலாம். மற்றவை உங்கள் அளவிலேயே இருக்கும். பிறகு அக்சஸிபிலிட்டியிலேயே ஜூம் என்பதை இயக்கிவிட்டு, மூன்று விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் திரையே பூதக்கண்ணாடி போல விரியும்.

ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். சைடு பட்டனையும் மேல் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் திரை படமாகச் சேமிக்கப்படும். ஆப் ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தில் ஆப் சப்போர்ட் என்று இருக்கும் இடத்தில் தேதி, போன் மாடல், எழுத்தளவு எத்தனையாவது படி, எந்தத் திரையில் எந்தப் பட்டன் என்று எழுதிப் படத்தையும் இணையுங்கள். 'ஆப் சரியில்லை' என்று எழுதினால் குப்பைக்குப் போகும். 'எழுத்து எட்டாம் படியில் இருக்கும்போது இரண்டாம் திரையின் கடைசிப் பட்டன் திரைக்கு வெளியே நிற்கிறது, தள்ளினால் திரும்பிவிடுகிறது' என்று எழுதினால் அவர்களால் மறுக்க முடியாது. பதினைந்து நாளில் பதில் இல்லை என்றால் முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு நினைவூட்டு ஒன்று அனுப்புங்கள். இந்த வேலையை நம்மைவிட நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

நான் இதுவரை மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன். ஒன்றுக்குப் பதில் வந்தது, அந்தப் பட்டனும் இப்போது தள்ளினால் வந்து நிற்கிறது. மற்ற இரண்டுக்கும் அடுத்த வாரம் நினைவூட்டு போகும்.